‘கிளிப் விப்’ தமிழில் என்ன? கொத்து ராக்கெட்டுக்கான மின்மூட்டல் சொற்கள்

மடல் 1: டெக்சஸிலிருந்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கே வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளி ஒன்றின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்காக மாதிரி ராக்கெட் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆறு அத்தியாயங்களில் அதிகத் தொல்லை இல்லை. குழாய், துடுப்பு, மூக்குக் கூம்பு, வான்குடை என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் கைக்கு வந்தது. ஏழாவதில் மாட்டிக்கொண்டேன்.

ஒரே ராக்கெட்டின் அடியில் மூன்று நான்கு எஞ்சின்களை வைத்து ஒரே நொடியில் கிளப்புவதைப் பற்றியது அந்த அத்தியாயம். அதற்கு எந்த மின்கருவிகளை வாங்க வேண்டும், எவற்றை நாமே செய்துகொள்ளலாம் என்று எழுத உட்கார்ந்தால், வரிக்கு மூன்று சொற்கள் ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகின்றன. இக்னைட்டர், கிளஸ்டர், லாஞ்ச் கன்ட்ரோலர், இன்டர்லாக், கன்டின்யூட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக ‘கிளிப் விப்’ என்று ஒன்று: ஒரு முடிச்சில் தொடங்கிப் பல நுனிகளாகத் தொங்கும் கம்பிகள், நுனிக்கு ஒரு கவ்வி. அதை அப்படியே தமிழாக்கினால் ‘கவ்விச் சாட்டை’ ஆகிறது. ஐயனார் கோவிலில் வைக்கலாம். பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது.

இந்தத் துறையில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். இந்த எஞ்சின்கள் கட்டைவிரல் பருமனுள்ள கெட்டிக் காகிதக் குழாய்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். உள்ளே இறுக்கிய கரிமருந்து, அடியில் களிமண்ணால் ஆன சிறு துளைவாய். மேலே ‘சி6-5’ என்று அச்சிட்டிருந்தால் ‘சி’ மொத்த வலிமையின் வகை (அடுத்த எழுத்துக்குப் போனால் இரு மடங்கு), சராசரி உந்துவிசை 6 நியூட்டன், எரிந்து முடித்து 5 நொடி கழித்து வான்குடையை வெளியே தள்ளும் என்று பொருள். துளைவாய்க்குள் மெல்லிய நிக்ரோம் கம்பியைச் செருகுகிறோம். அதன் நுனியில் தீக்குச்சித் தலைபோல ஒரு துளி மருந்து இருக்கும். மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பி பழுத்து, மருந்து எரிந்து, எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பொழுதுபோக்கு 1957ல் உருவெடுத்தது. நெப்ராஸ்காவில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைலும், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைனும் அதன் மூலவர்கள். ஸ்புட்னிக் பறந்த ஆண்டு அது. பையன்கள் கொட்டகையில் உட்கார்ந்து இரும்புக் குழாய்க்குள் கண்ட மருந்தையும் அடைத்துக் கையைச் சிதைத்துக்கொண்ட காலம். அதற்கு மாற்றாக வந்த ஒழுங்கில் இரண்டு விதிகள் உயிர்நாடி: எஞ்சினைத் தொழிற்சாலையில்தான் செய்ய வேண்டும், மின்சாரத்தால்தான் கிளப்ப வேண்டும். திரியைப் பற்றவைத்த பிறகு யாராலும் நிறுத்த முடியாது. மின்சாரம் என்றால், குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தாலும் விரலை எடுத்துவிடலாம். எனவே ‘மின்திரி’ என்று யாராவது முன்மொழிய நினைத்திருந்தால் தயவுசெய்து வேண்டாம். சிவகாசிப் பக்கத்துச் செய்திகளில் ‘கருந்திரி பறிமுதல்’ என்று படிக்கும் திரி வேறு, இது வேறு.

இனி என் சொந்தக் கதை. சென்ற அக்டோபரில் நானும் மகளும் மூன்று சி6-5 எஞ்சின்கள் வைத்த ராக்கெட் ஒன்றை ஏவினோம். கையில் இருந்தது ஒற்றை எஞ்சினுக்கான சிறு பெட்டி, உள்ளே நான்கு பென்சில் பேட்டரிகள். சாவியைச் செருகியதும், சுற்று அறுபடாமல் இருக்கிறது என்று காட்டும் விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினோம். ஒரே ஒரு எஞ்சின் பிடித்தது. ராக்கெட் ஏவுகம்பியை விட்டு விலகிய கணமே ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேலியோரப் புதருக்குள் நுழைந்து, அங்கே படுத்துக்கொண்டு வான்குடையை விரித்தது. எடுத்துப் பார்த்தால், மற்ற இரண்டில் ஒன்றின் இக்னைட்டர் எரிந்து கருகியிருந்தது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. இன்னொன்றின் இக்னைட்டரே எரியவில்லை. “அப்பா, இதில் எது இக்னிஷன் ஆகவில்லை?” என்று மகள் கேட்டாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே சொல்தான். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். பென்சில் பேட்டரி நான்கும் சேர்ந்து 6 வோல்ட். அவற்றின் உள்தடை ஏறத்தாழ 0.6 ஓம். கம்பிக்கும் கவ்விகளுக்கும் 0.4 ஓம். இக்னைட்டர் ஒன்று 0.7 ஓம். ஒன்று மட்டும் மாட்டினால் 3.5 ஆம்பியர் பாயும். அதற்குத் தேவை 2 ஆம்பியர் அளவுதான். மூன்றைப் பக்க இணைப்பில் மாட்டினால் மொத்தம் 4.9 ஆம்பியர், ஆளுக்கு 1.6. மூன்றும் அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவைபோலத் தயங்கும். அவற்றில் ஏதாவது ஒன்று முதலில் எரிந்து அறுபடும். அறுபட்டதும் மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 2.2 ஆம்பியர் கிடைக்கும். ஆனால் அதற்குள் முதல் எஞ்சின் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கவ்விகள் கழன்று கீழே கிடக்கும்.

சொற்களுக்கு வருகிறேன். ‘கிளஸ்டர்’ என்பதற்கு ‘கொத்து’ என்று வைத்திருக்கிறேன். விண்மீன் கொத்து முன்பே வழக்கில் உண்டு. ‘லாஞ்ச் கன்ட்ரோலர்’ ஏவுபெட்டி. ‘கட்டுப்படுத்தி’ என்று நீட்டுவதால் என்ன லாபம்? ‘இன்டர்லாக்’ காப்புச் சாவி, அதைச் செருகாமல் பொத்தான் வேலை செய்யாது. ‘எஞ்சின்’ எஞ்சினாகவே இருக்கட்டும். ‘மோட்டார்’ என்பவர்களும் உண்டு, ஆனால் நமக்கு மோட்டார் என்றால் கிணற்றடிதான்.

‘இக்னைட்டர்’தான் இழுக்கிறது. ‘எரியூட்டி’ என்று எழுதினால் மின்மயானம் நினைவுக்கு வருகிறது. செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை இறுதிச் சடங்குக்கு எழுதிவைத்துவிட்டன. ‘பற்றவைப்பான்’ என்றால் ஐ.டி.ஐ. படித்தவர்கள் வெல்டரைத் தேடுவார்கள். ‘பொறி’யில் எலியும் மாட்டும், இயந்திரமும் ஓடும், நெருப்பும் பறக்கும். ‘தீமூட்டி’ பரவாயில்லை, ஆனால் காட்டில் குளிர்காயும் வாசனை அடிக்கிறது. உங்கள் கருத்து?

மடல் 2: டொரொண்டோவிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற முறையில் சில குறிப்புகள்.

ஒன்று, நீங்கள் எழுதும் ‘பக்க இணைப்பு’ எங்கள் பாடநூல்களில் ‘சமாந்தர இணைப்பு’. ‘சுவிட்ச்’ எங்களுக்கு ‘ஆளி’. டெக்சஸில் உங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள் அல்லவா? இரண்டையும் முதற்பக்கத்தில் ஒருமுறை தந்துவிட்டு, பிறகு உங்கள் வழக்கைத் தொடருங்கள். கோபிக்க மாட்டேன்.

இரண்டு, ‘இக்னிஷன்’ என்பதற்கு எங்களிடம் ஏற்கெனவே ‘எரிபற்றல்’ உண்டு. எரிபற்றல் வெப்பநிலை என்று மாணவர்கள் சாதாரணமாக எழுதுவார்கள். அதிலிருந்து ‘எரிபற்றி’ என்று கருவிப்பெயர் ஆக்கினால் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

மூன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ‘கொத்து’ என்பதை ராக்கெட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது விண்மீன் அல்ல, கொத்துக் குண்டு. வன்னியில் உறவினரை இழந்த எவருக்கும் அதுதான் வரும். பிள்ளைகள் புத்தகத்தில் அது வேண்டாமே. ‘எஞ்சின் குலை’ என்று சொல்லலாமா? வாழைக்குலை, தேங்காய்க்குலை என்பதுபோல.

நான்கு, ஒரு பௌதிகக் கேள்வி. சமாந்தரத்தில் மின்னோட்டம் பிரிந்து போகிறது என்றுதானே உங்கள் கவலை? தொடரில் இணைத்தால் மூன்றினூடாகவும் ஒரே மின்னோட்டம் பாயும். 12 வோல்ட் மின்கலவடுக்கு, மூன்று 0.7 ஓம் சேர்ந்து 2.1, கம்பிக்கு 0.5 என்று வைத்தால் 4.6 ஆம்பியர் வரும். ஒவ்வொன்றுக்கும் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஏன் அதைச் செய்யவில்லை?

மடல் 3: கிருஷ்ணகிரியிலிருந்து

வணக்கம். நான் கல்குவாரியில் வெடிவைக்கும் பிரிவில் மேற்பார்வை பார்த்தவன். ராக்கெட் தெரியாது, கம்பி தெரியும்.

பேராசிரியர் ஐயா கேட்டதற்கு என் பதில்: நான் வேலை பார்த்த காலத்தில் மின் டெட்டனேட்டர்களைத் தொடராகத்தான் இணைப்போம். ஐயா சொல்வது அங்கே நடந்தது. ஆனால் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எங்கள் வெடிப்புப் பெட்டி ஒரு மின்தேக்கியில் உயர் மின்னழுத்தத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாக இறக்கும். எந்தக் கம்பியும் அறுபடுவதற்குள் எல்லாவற்றுக்கும் வேண்டிய சூடு போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவது, வெவ்வேறு நிறுவனச் சரக்கை ஒரே சுற்றில் கலக்கவே மாட்டோம். கார் பேட்டரியை வைத்துக்கொண்டு, கையால் செய்ததுபோல ஒன்றுக்கொன்று மாறும் நிக்ரோம் கம்பிகளைத் தொடராக மாட்டினால், முதலில் அறுபடுவது சுற்றையே அறுத்துவிடும். மிச்சம் இரண்டும் சும்மா இருக்கும்.

தம்பியின் பக்க இணைப்பில் ஒன்று போனால் மற்றவற்றுக்கு மின்சாரம் கூடுகிறது. தொடரில் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. சரவெடியில் நடுவில் திரி நமுத்திருந்தால் அங்கேயே நின்றுவிடுமே, அப்படி. ஆகவே என் யோசனை: தொடர் இணைப்பைப் பிள்ளைகளுக்குச் ‘சரம்’ என்று சொல்லிக்கொடுங்கள், ஒருமுறை கேட்டால் மறக்காது.

ஆனால் சரத்தில் ஒரு நல்லது உண்டு. கிளம்பும்முன் ஓம்மானியை வைத்தால் ஏதாவது ஒரு இணைப்பு விட்டிருந்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும். உங்கள் பெட்டியில் விளக்கு எரிந்தது என்கிறீர்களே, மூன்றில் இரண்டு கழன்றிருந்தாலும் அது எரிந்திருக்கும். அந்த விளக்கை நம்பாதீர்கள்.

மடல் 4: மதுரையிலிருந்து

சாட்டை வேண்டாம். ஒரு முடிச்சில் தொடங்கிப் பல நுனிகளாகத் தொங்குவது என்று நீங்கள் சொல்லும் அந்தச் சாமானுக்குச் சடையில் கட்டுகிற ‘குஞ்சம்’தான் சொல். கவ்விக் குஞ்சம். என் பாட்டி இருந்திருந்தால் இதற்கு ஒரு மடல்கூட வீணாக்கியிருக்க மாட்டார்.

மடல் 5: டெக்சஸிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஒரே மடலில் பதில் எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை அம்மாவின் ‘குஞ்சம்’ வந்த அன்றே அத்தியாயத்தில் ஏறிவிட்டது. நான் ‘விழுது’ என்று ஒன்று யோசித்து வைத்திருந்தேன். ஆனால் விழுது மரத்தைத் தாங்கும், மண்ணில் இறங்கும். இது அப்படி இல்லை. ஏவுபெட்டியிலிருந்து வரும் கம்பி ஜோடியில் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குஞ்சம். ஒவ்வொரு குஞ்சத்திலும் எஞ்சினுக்கு ஒன்றாக மூன்றோ நான்கோ முதலைக் கவ்விகள். சிவப்புக் குஞ்சத்திலிருந்து ஒரு கவ்வி, கறுப்புக் குஞ்சத்திலிருந்து ஒரு கவ்வி என்று ஒவ்வொரு எஞ்சினுக்கும் மாட்டினால் பக்க இணைப்பு தானாகவே அமைந்துவிடும். இது கடையில் விற்பதைவிட வீட்டில் செய்வதே நல்லது. எல்லா நுனிகளும் ஒரே நீளம், எல்லாம் தடித்த கம்பி, முடிச்சை ஈயத்தால் பற்றவைத்தல், இவ்வளவுதான் வேலை.

ஐயாவின் ‘எரிபற்றி’யை இரண்டு நாள் வாயில் போட்டு மென்றேன். எரிபற்றல் என்ற நிகழ்வுக்கு அது அழகான சொல். கருவிக்கு ஆகும்போதுதான் இடிக்கிறது. பற்றுவது தன்வினை, தீ பற்றுகிறது, துணி பற்றுகிறது. அப்படிப் பார்த்தால் எரிபற்றுவது எஞ்சினுக்குள் இருக்கும் கரிமருந்து, நம் கம்பி அல்ல. கம்பி பற்றச் செய்வது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், நம் மொழியிலேயே ஒரு ஜோடி சும்மா கிடப்பது தெரிந்தது: மூள், மூட்டு. தீ மூண்டது, தீயை மூட்டினான். ஒன்று தானாக நிகழ்வது, மற்றது நாம் செய்வது. இக்னைட்டரை ‘மூட்டி’ என்று வைத்துக்கொண்டால், என் மகள் புதரோரம் நின்று கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும்: ஓர் எஞ்சினில் மூட்டி எரிந்தது, ஆனால் எஞ்சின் மூளவில்லை. இன்னொன்றில் மூட்டியே எரியவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நீண்ட விளக்கம் வேண்டும்.

இது வெறும் இலக்கணச் சந்தோஷம் அல்ல. இரண்டு தவறுகளுக்கும் மருந்து வேறு. மூட்டி எரியவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில்: பேட்டரி, கம்பி, துருப்பிடித்த கவ்வி, அல்லது கவ்வி கீழே உள்ள இரும்புத் தகட்டைத் தொட்டுக் குறுக்குச் சுற்று ஆனது. மூட்டி எரிந்தும் எஞ்சின் மூளவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் நம் கையில்: மூட்டியின் நுனி கரிமருந்தைத் தொடும்வரை உள்ளே போகவில்லை, அல்லது மூட்டியைத் துளைவாயில் பிடித்துவைக்கும் அடைப்பு தளர்ந்து நுனி கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பெரிய பேட்டரி வாங்கினால் பயன் இல்லை. பிள்ளைகள் எல்லாக் குற்றத்தையும் பேட்டரி மேல் போடுவதற்குக் காரணம், இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரஷ்யர்களின் சோயுஸ் ராக்கெட்டை எண்ணிப் பாருங்கள். பெரிதும் சிறிதுமாக 32 எரியறைகள். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பிர்ச் மரச் சட்டத்தில் பொருத்திய மூட்டி ஒன்றைக் கீழிருந்து செருகுகிறார்கள், ஊதுவத்தி செருகுவதுபோல. அதன் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. மூட்டி எரிந்தால் கம்பி அறுபட்டு ‘எரிந்தது’ என்று சேதி போகும். எல்லாவற்றிலிருந்தும் சேதி வந்த பிறகுதான் எரிபொருள் வால்வு திறக்கும். அதாவது, மூட்டல் முடிந்ததா என்று உறுதி செய்துகொண்டுதான் மூளவே விடுகிறார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை. கரிமருந்து எஞ்சினுக்கு வால்வு கிடையாது, ராக்கெட்டைப் பிடித்துவைக்கும் கரமும் கிடையாது. முதலில் மூண்டது கிளம்பிவிடும். சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று கொண்டுபோன எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இரண்டு பக்கத் திட எரிபொருள் உந்திகளுக்கும் இதே நிலைதான். இரண்டும் ஒரே சமயத்தில் மூள வேண்டும், மூண்டபின் அணைக்க வழி இல்லை.

எனவே: கருவி ‘மின்மூட்டி’, சுருக்கமாக ‘மூட்டி’. செயல் ‘மூட்டல்’. விளைவு ‘மூளல்’. ‘மிஸ்ஃபயர்’ என்பதற்கு ‘மூளாமை’. பட்டாசுத் தொழிலில் ‘எலெக்ட்ரிக் மேட்ச்’ என்கிறார்களே, அதற்கு ‘மின்தீக்குச்சி’ என்றே இருக்கட்டும். அது மூட்டியில் ஒரு வகை. பள்ளிப் பாடத்தில் எரிபற்றல் வெப்பநிலை என்று வரும் இடத்தை ஐயாவின் சொல்லுக்கே விட்டுவிடுகிறேன்.

கொத்து பற்றி. ஐயா, உங்கள் மூன்றாவது குறிப்பை நான் மூன்று முறை படித்தேன். எங்கள் வகுப்பில் வன்னியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ‘குலை’யை முயன்று பார்த்தேன், ‘எஞ்சின் குலைந்தது’ என்று யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் விடவில்லை. இப்போது ‘கூட்டு’ என்று மாற்றியிருக்கிறேன்: மூவெஞ்சின் கூட்டு, நாலெஞ்சின் கூட்டு. கூட்டுக் குடும்பம், கூட்டு முயற்சி என்பவற்றோடு சேர்ந்து நிற்கும். சமையலறைக் கூட்டும் நினைவுக்கு வரும், வரட்டும். மடலின் தலைப்பில் ‘கொத்து’ இருப்பது பழைய இழை அறுந்துவிடக்கூடாது என்பதற்காக மட்டும். ‘ஆளி’யும் ‘சமாந்தர’மும் முதற்பக்கத்தில் உண்டு.

கிருஷ்ணகிரி அண்ணனின் ‘சரம்’ அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘கூட்டைச் சரத்தில் மாட்டாதே’ என்று ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. விளக்கைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்தியது. ‘கன்டின்யூட்டி’க்கு நான் ‘தொடர்ச்சி’ என்று வைத்திருந்தேன். விளக்கு எரிந்தால் ‘தொடர்ச்சி உண்டு’ என்று பிள்ளைகள் படிப்பார்கள். எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். பக்க இணைப்பில் அது பொய். மூன்று மூட்டிகள் மாட்டியிருந்தால் 0.23 ஓம், ஒன்று கழன்றால் 0.35. சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே அவ்வளவு தடை இருக்கும். வித்தியாசம் கண்ணில் படாது. சரம் உண்மையைச் சொல்லும் ஆனால் வேலை செய்யாது; பக்க இணைப்பு வேலை செய்யும் ஆனால் உண்மையைச் சொல்லாது. ஆகவே அந்த விளக்குக்கு ‘வழி விளக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். மின்சாரம் போக ஏதோ ஒரு வழி இருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை வழி என்று அது சொல்லாது. எண்ணுவது கண்ணின் வேலை.

அந்த விளக்கே ஆபத்தாகவும் ஆகலாம். 12 வோல்ட், 5 வாட் பல்பு வழியே 0.4 ஆம்பியர் ஓடுகிறது. நிக்ரோம் மூட்டி அதைச் சட்டை செய்யாது. மென்மையான மின்தீக்குச்சிக்கு அதுவே போதுமானதாக இருந்துவிடலாம். சாவியைச் செருகியதும் ராக்கெட் கிளம்பும். 1,000 ஓம் தடையோடு ஓர் எல்.இ.டி. வைத்தால் 0.01 ஆம்பியர்தான். நான் பழைய பெட்டியின் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அத்தியாயத்திலிருந்து ஒரு பகுதி:

> மூவெஞ்சின் கூட்டுக்குப் பென்சில் பேட்டரி ஏவுபெட்டி உதவாது. 12 வோல்ட் கார் பேட்டரியை எடுத்துக்கொள். 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியை 10 மீட்டர் இழுத்து நேராக இணைத்தாலும் மூட்டி ஒன்றுக்கு 5 ஆம்பியர் கிடைக்கும். மூன்றுக்கு அது போதும். ஏழெஞ்சின் கூட்டு என்றால் அதே கம்பியில் ஆளுக்கு 3 ஆம்பியர்கூட வராது. அப்போது பேட்டரியை ஏவுமேடைக்கு அருகில் வைத்து, காரின் முகப்பு விளக்குக்குப் பயன்படும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைக் குஞ்சத்துக்கு முன்னால் போடு. நீண்ட கம்பியில் ஓடுவது ரிலேயின் சுருளுக்கான சிறு மின்னோட்டம் மட்டும். மூட்டிகளுக்கான பெருமின்னோட்டம் குட்டையான தடித்த கம்பி வழியே போகும்.
>
> ஒவ்வொரு மூட்டியையும் மாட்டுவதற்கு முன் தனியாகச் சோதி. நுனி கரிமருந்தைத் தொடும்வரை செருகி அடைப்பை இறுக்கு. கவ்விகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கு. சிவப்பும் கறுப்பும் எங்கும் தொடாதபடி பிரித்துவிடு. காப்புச் சாவி உன் சட்டைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. குறைந்தது 30 அடி விலகி வந்த பிறகே அதைச் செருகு. வழி விளக்கு எரிந்தால் ஐந்திலிருந்து எண்ணி, பொத்தானை அழுத்திப் பிடி. பொத்தான் அழைப்புமணிப் பொத்தானைப்போல விரலை எடுத்ததும் அணைவதாக இருக்க வேண்டும்.
>
> மூளாமை நேர்ந்தால் சாவியை உருவிக்கொண்டு 60 நொடி காத்திரு. பிறகே அருகில் போ.

60 நொடியும் 30 அடியும் நானாகச் சேர்த்தவை அல்ல. அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் உள்ளவை. ‘டி’ வகைவரை 15 அடி போதும் என்கிறார்கள். மூன்று சி6 சேர்ந்தால் டி வகையைத் தாண்டிவிடுவதால் 30 என்றே எழுதிவிட்டேன்.

‘உப்புத்தாள்’ என்பதைக் கோவைப் பக்கம் வேறு மாதிரி சொல்வார்களா? யாழ்ப்பாணத்தில்? சொன்னால் திருத்திவிடுகிறேன். வான்குடை கருகாமல் இருக்க நடுவில் அடைக்கும் தாளுக்கு ‘வாடிங்’ என்று எட்டாவது அத்தியாயத்தில் வரப்போகிறது. அதற்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. பாட்டி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மதுரை அம்மா ஒருவேளை யோசித்துச் சொல்லலாம்.